எனக்கு விழுந்த பர்னபாஸ்

பித்தளைத் தாம்பாளம் நிறையச் சுருட்டிப் போட்ட சீட்டுகள். மேலே ஒரு வெள்ளைத் துணி. துணிக்கடியில் கையை விட்டு ஒரே ஒரு சீட்டை எடுக்க வேண்டும். துழாவக் கூடாது. புது வருஷப் பூசை முடிந்து செஞ்சி கோயில் வாசலில் பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. பனி விலகாததால் ராஜகிரி மலை பாதிதான் தெரிந்தது.

எனக்கு முன்னால் நின்ற லூர்துமேரி தன் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் துள்ளினாள். அவளுக்கு அந்தோணியார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்குச் சூசையப்பர். நடுவில் மாட்டிக்கொண்ட எனக்கு விழுந்தது ‘அர்ச். பர்னபாஸ்’.

"யாருடி அது?" என்றாள் லூர்துமேரி.

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு!

இப்போது புனிதர் என்கிறோமே, அவர்களை அப்போது அர்ச்சியசிஷ்டர் என்போம். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவர்தான் அந்த வருஷம் முழுக்க நமக்குப் பாதுகாவலர். அவர் படத்தை வீட்டில் மாட்டி ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அதோடு, அவர் தம் காலத்தில் செய்த காரியங்களில் ஒன்றையாவது வருஷம் முடிவதற்குள் நாமும் செய்ய வேண்டும். அந்தோணியார் என்றால் ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்துவிடலாம். ஏசுவை வளர்த்த தச்சர் சூசையப்பர் என்றால் பேசாமல் வேலையைப் பார்க்கலாம், அது அம்மாவுக்கு இயல்பிலேயே உண்டு. பர்னபாஸ் என்றால் என்ன செய்வது?

சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது கண்டிப்பான விதி. நான் மாற்றப் பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் புது ரவிக்கைத் துணியைத் தருவதாகச் சொல்லியும் லூர்துமேரி அசையவில்லை.

"டீச்சரா இருந்துக்கினு நீயே இப்பிடிக் கேக்கலாமா?" என்று அந்தோணியாரை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டாள்.

படம் இல்லாத பாதுகாவலர்

அப்போது எனக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். செஞ்சியில் சாமியார், அதாவது பாதிரியார், நடத்திய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சனிக்கிழமைகளில் ஞானோபதேசம் என்கிற வேதபாடமும் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) இறந்தபின் அம்மாவும் கிராமத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள்.

கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று. கடைக்காரர் ஜைனர். ஊரே அவரை நயினார் என்றுதான் கூப்பிடும். முருகனையும் ஆரோக்கிய மாதாவையும் ஒரே சுவரில் சாய்த்து வைத்திருப்பார். சின்ன ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டே பேசுவார், ஒன்றையும் விழுங்கியதில்லை.

"அந்தோணியார் இருக்குறாரு. செபஸ்தியார் இருக்குறாரு. றெக்க வெச்ச மிக்கேல் சம்மனசு கூட இருக்குது. நீ கேக்குற ஆளு இல்லியே டீச்சர். அவரு இன்னா பண்ணாரு?"

"தெரியல நயினார்."

"நல்லா இருக்குது போ. கும்புடப்போற உனக்கே தெரியலன்னா நான் எங்க போயித் தேடறது? தெரிஞ்சிக்கினு வா. போர்டு எழுதற ஆளு ஒருத்தரு இருக்குறாரு, வரையச் சொல்றேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருகிறவள், கடையில் நின்று முழித்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? நேராகச் சாமியார் வீட்டுக்குப் போனேன்.

அவர் புதிதாக வந்த சாமியார். இளம் வயது. பூசையை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்த சமயம் அது. "எல்லாம் புரியுது, பூசை மாதிரியே இல்ல" என்று பெரிய மனுஷிகள் அவரைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஊர் ஊராகப் போய்வருவார். நான் போய்க் கேட்டதும், புதிய ஏற்பாட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதுல அப்போஸ்தலர் நடபடின்னு ஒரு பாகம் இருக்கு, அதைப் படிங்க டீச்சர். நடுநடுவுல வருவாரு. சத்தமில்லாம வந்துட்டுப் போயிடுவாரு, கவனமாப் பாருங்க."

காளைகளும் மாலைகளும்

கத்தோலிக்க வீடுகளில் அப்போது பைபிளை யாரும் இப்படி உட்கார்ந்து படித்ததில்லை. நான் கதைப்புத்தகம் மாதிரி படித்தேன்.

சின்னப்பரும் பர்னபாஸும் ஊர் ஊராகப் போதித்துக்கொண்டு போகிறார்கள். (சின்னப்பர் என்றால் இப்போது பவுல் என்கிறீர்களே, அவர்தான்.) ஓர் ஊரில் ஒரு முடவன் எழுந்து நடக்கிறான். உடனே ஜனங்கள் தெய்வங்களே இறங்கி வந்துவிட்டதாகக் கூச்சல் போட்டு, காளைகளையும் மாலைகளையும் கொண்டுவந்து பலி கொடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பேசிக்கொண்டிருந்தவர் சின்னப்பர். ஆனால் அந்த ஜனங்கள் தங்கள் தெய்வங்களில் பெரியவர் பெயரைக் கொடுத்தது பர்னபாஸுக்கு. இரண்டு பேரும் துணியைக் கிழித்துக்கொண்டு, நாங்களும் மனுஷர்கள்தான் என்று கெஞ்சித் தப்பிக்கிறார்கள்.

இதை நயினாரிடம் சொன்னபோது அவர் வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு சிரித்தார்.

"அப்ப ஆளு நல்லா வாட்டசாட்டமா இருந்திருப்பாரு."

போர்டு எழுதுகிறவர் அப்படியே வரைந்துவிட்டார். நல்ல உயரம், வெள்ளைத் தாடி. பின்னால் என்ன வரைவது என்று தெரியாமல் ராஜகிரியையும் அதன் பாறைகளையும் போட்டுவிட்டார். "தாசில்தாரு மாதிரி இருக்குறாரு" என்று அம்மா சொன்னாள். சுவரில் மாட்டினோம், பெயிண்ட் வாசனை ஒரு வாரத்துக்குப் போகவில்லை.

இன்னும் இரண்டு இடங்கள் அந்தப் புத்தகத்தில் இருந்தன.

விசுவாசிகளைப் பிடித்துச் சிறையில் தள்ளிக்கொண்டிருந்த சின்னப்பர், மனம் மாறி எருசலேமுக்கு வருகிறார். ஒருத்தரும் நம்பவில்லை, கிட்டே சேர்க்கவில்லை. பர்னபாஸ்தான் அவரை அழைத்துக்கொண்டு போய், இவருக்கு நடந்தது உண்மை என்று ஏசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களிடம் பேசுகிறார். பேசியிருக்காவிட்டால் நமக்குச் சின்னப்பர் கிடைத்திருப்பாரோ என்னமோ.

இரண்டாவது இடம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மாற்கு என்கிற இளைஞர் இவர்களோடு ஊழியத்துக்குக் கிளம்பி, பாதி வழியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அடுத்த பயணத்துக்கு அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் பர்னபாஸ். வேண்டாம், ஓடிப்போனவர் என்கிறார் சின்னப்பர். சண்டை முற்றி, இரண்டு பேரும் பிரிந்தே போகிறார்கள். பர்னபாஸ் அந்த மாற்குவைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுகிறார்.

நான் முழுக்க முழுக்கச் சின்னப்பர் கட்சி. ஓடிப்போனவன் ஓடிப்போனவன்தான் என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதற்குக் காரணம் இருந்தது.

வாந்திபேதி வந்த வருஷம்

எங்கள் சொந்த ஊர் பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம். செஞ்சியிலிருந்து பஸ்ஸில் போய் கூட்டு ரோட்டில் இறங்கி, மூன்று மைல் நடக்க வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு கோடையில், அங்கே வாந்திபேதி வந்தது. ஏரி வற்றிக் குட்டையாகக் கிடந்தது. மாடும் மனுஷரும் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

அப்போதிருந்த வயதான சாமியார் உடம்பு முடியாமல் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக உபதேசியார் சவரிமுத்துவை அனுப்பினார்கள். சாமியார் இல்லாத ஊர்களில் மந்திரம் என்கிற ஜெபம் சொல்லி, ஞானோபதேசம் நடத்தி, சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நன்மரண மந்திரம் வாசிப்பவர்தான் உபதேசியார். நாற்பது வயது. பாட்டுக்கு நல்ல குரல். எனக்கு அருள் நிறைந்த மந்திரம் சொல்லித்தந்தவரும் அவரே.

இரண்டு நாள் ஊரில் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் காணவில்லை. அவலூர்பேட்டையில் மாமனார் வீட்டுக்கு ஓடிப்போய்விட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் நைனா இறந்துபோனார். பக்கத்தில் மந்திரம் வாசிக்க ஆள் இல்லை. எங்கள் ஜனங்களுக்கு அதைவிடப் பெரிய கொடுமை கிடையாது. சோறில்லாமல் சாகலாம், மந்திரம் இல்லாமல் சாகக் கூடாது என்றிருந்த காலம்.

நானும் பக்கத்தில் இல்லை. பஸ் ஓடவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அதன்பின் இரண்டு வருஷமாக உபதேசியார் பேச்சு எங்கே வந்தாலும் என் குரல்தான் உசத்தி. "ஓடுகாலி" என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்ததே நான்தான். அந்த ஆள் அவலூர்பேட்டை ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

உபதேசியாருக்கு ஓலை

எனக்குப் பர்னபாஸ் விழுந்த அதே வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கியபோது, சவரிமுத்து செஞ்சிக்கு வந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பழையபடி உபதேசியார் வேலை வேண்டும் என்று சாமியாரிடம் கேட்டாராம். கேட்ட மாத்திரத்தில் ஊர் கொதித்தது.

புதுச் சாமியார் ஒரு காரியம் செய்தார். எங்களில் கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு தொடர்ந்து பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று பெயர். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். அந்த ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் அதேபோல ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

"உபதேசியார் சவரிமுத்து திரும்பி வர ஆசைப்படுறார். தடை என்னன்னு எல்லாருக்கும் தெரியும், அதை யாரும் சொல்ல வேண்டாம். அந்த வாந்திபேதியில சாவு விழுந்த வீடுகள்ல இருந்து ஒருத்தர் எழுந்து, இவருக்கு நான் பொறுப்புன்னு சொன்னா போதும். மூணு ஞாயிறு வாசிப்பேன். யாரும் எழுந்திருக்கலைன்னா அதோட முடிஞ்சது."

"இந்தாளுக்கு யாரு பொண்ணு?" என்று ஆண்கள் பக்கம் யாரோ முனகினார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது. சவரிமுத்து கடைசியில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் ஞாயிறும் எழுந்திருக்கவில்லை.

அந்த இரண்டு வாரமும் சுவரில் தாசில்தார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தி ஏற்றப் போனால் எனக்குக் கை கூசியது. ஏனென்றால் பஸ் ஓடவில்லை என்று சொன்னேனே, அது பொய்.

கூட்டு ரோடு

அன்றைக்கு பஸ் ஓடியது. நைனாவுக்கு முடியவில்லை என்று ஆள் வந்து சொன்னதும் காலை பஸ்ஸில் ஏறினேன். கூட்டு ரோட்டில் இறங்கினேன். எங்கள் ஊர்ப் பாதையிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. பாயில் சுற்றி இரண்டு பேர். ஒரு பாயிலிருந்து சின்னக் கால் ஒன்று வெளியே தெரிந்தது, அதில் கொலுசு இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாடையும் வேறொரு வாடையும் சேர்ந்து வந்தன.

பஸ் அங்கேயே திரும்பி செஞ்சிக்குப் போகும். அது திரும்பி முடிப்பதற்குள் நான் மறுபடி ஏறிவிட்டேன். என் காலே என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றியது.

பஸ் நகரும்போது வயல் வரப்பில் ஓடிவந்து ஒருவர் பின்படியில் தொத்தினார். சவரிமுத்து. நான் திரும்பிப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். செஞ்சி வரும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆக, நான் திரும்பி ஓடியதைப் பார்த்த ஒரே மனுஷர் அவர். ஊரெல்லாம் கூடி அவரைக் காறித் துப்பியபோது, நான் முன்னால் நின்று கத்தியபோது, "இந்தப் பொண்ணும்தான் ஓடிச்சு" என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும்.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம், கல்லறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். கூலி கேட்காமல் தானாகவே அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பத்தி ஏன் சொல்லல?" என்றேன். நான் வாயாடிதான், ஆனால் அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது.

அவர் மட்டையைச் சுண்ணாம்பில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாத்த சொல்றதும்மா. நீ வர்றதுக்கு பயந்தே. நான் அங்க இருந்துக்கினே பயந்தவன். ஒங்க நைனா என் கையப் பிடிச்சிக்கினு தண்ணி கேட்டாரு. எடுத்தாறேன்னு சொல்லிட்டுதான் வெளிய வந்தேன். அப்பிடியே பஸ்ஸுக்கு வந்துட்டேன். ஒன்ன சொல்லிட்டா, நான் தண்ணி குடுத்தேன்னு ஆயிடுமா?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பூசையில் சாமியார் மூன்றாம் தரம் வாசித்தார். என் பக்கத்தில் அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன்.

"சவரிமுத்து உபதேசியாருக்கு நான் பொறுப்பு."

அந்த வாந்திபேதியில் மகனைப் பறிகொடுத்த எங்கள் ஊர் இஞ்ஞாசியார் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டார். "மந்திரம் சொல்ல ஆளில்லாம செத்துப் பூட்டாரே, அவரு பொண்ணா நீ பேசறே?"

"அன்னைக்கி பஸ் ஓடிச்சு மாமா. நான் கூட்டு ரோடு வரைக்கும் வந்துட்டு, பயந்துக்கினு அதே பஸ்ல திரும்பிட்டேன். இவரும் அதுலதான் ஏறினாரு. ரெண்டு வருஷமா நான் இவர ஓடுகாலின்னு சொன்னேன். இவரு என்னை ஒரு வார்த்தை சொல்லல."

இஞ்ஞாசியார் என்னைப் பார்த்தார், பின்னால் முழங்காலில் இருந்தவரைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். சாமியார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். அம்மாவின் கையில் ஜெபமாலை நின்றுபோயிருந்தது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அந்த அர்ச்சியசிஷ்டரைப் பற்றி நான் நினைப்பது இது. தொலைந்த சாமானுக்கு ஒருத்தர், தொண்டை வலிக்கு ஒருத்தர் என்று நமக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். பர்னபாஸிடம் போய்க் கேட்க அப்படி ஒன்றும் இல்லை. அவருக்கு ஒன்பது நாள் வேண்டுதலான நவநாள் இல்லை, எங்கள் பக்கத்தில் தேர் இல்லை. ஒருத்தரும் நம்பாத ஆளுக்காக அவர் எழுந்து நின்றார், அவ்வளவுதான். இன்றைக்கு நம் கோயில்களில் யாரைச் சேர்க்கக் கூடாது என்று பேசக் கூடும் கூட்டங்களைப் பார்க்கிறேன். எல்லோரும் என்னைப் போலச் சின்னப்பர் கட்சியாகவே இருக்கிறோம். அந்தச் சின்னப்பரே கடைசிக் காலத்தில், மாற்குவை அழைத்து வா, அவன் எனக்கு உதவியானவன் என்று எழுதியதை யாராவது நமக்கு எடுத்துச் சொன்னால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு

ஊர் முன்னால் ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமாகவே இருந்தது. வீட்டுக்குப் போவதுதான் கஷ்டம். அம்மா பூசை முடிந்ததும் எனக்காக நிற்காமல் போய்விட்டாள்.

நான் போனபோது அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஒன்னக் கேட்டுக்கினே இருந்தாரு. வந்துட்டாளா வந்துட்டாளான்னு. பஸ் வுடலியாம், இல்லன்னா ஓடியாந்திருப்பான்னு சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். அதுக்கப்பறம் அவரு கேக்கல."

பஸ் ஓடவில்லை என்ற வார்த்தையே அம்மாவுடையது. பிறகு அவள் வாயால் கேட்டதை நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நான் அழுதேன். அம்மா அழ வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், எண்ணெய் தேய்த்துவிடுவாள், பேச்சு இல்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம அந்தாள ஊட்டுக்கு சாப்புட வரச் சொல்லு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல குந்துங்க. ஒரே தடவையாப் பாத்துக்கறேன்."

அவர் வந்தார். சுண்ணாம்பு பட்டு வெந்த விரல்களோடு இலை முன்னால் உட்கார்ந்தார். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவாகப் போட்டாள். எதிரில் உட்கார்ந்து, சொன்னபடியே, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சாப்புடு" என்றாள் அம்மா. "அப்பறம் வேல இருக்குது."

கை கழுவி வந்ததும் நைனாவின் பழைய மந்திரப் புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அன்னைக்கிப் படிக்காதத இப்பப் படி. இவ பதில் சொல்லட்டும்."

சிமெண்டுத் தரையில் இரண்டு பேரும் முழங்கால் போட்டோம். நல்ல வெயில் நேரம். அவருக்கு முதல் வரியே வரவில்லை. பிறகு அந்தப் பழைய குரல் வந்தது. தேவமாதா பெயரைச் சொன்னார், சம்மனசுகளின் பெயர்களைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் "அவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நான் மட்டும் பதில் சொன்னேன். அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடி, வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போஸ்தலர்களின் பெயர்கள் தொடங்கியபோது, என் குரலோடு இன்னொரு குரல் சேர்ந்தது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கடைசிப் பெயர் வரைக்கும் ஒன்றுவிடாமல் எங்களோடு பதில் சொன்னாள்.